லண்டன் பிரதமரும் கடலூர்க் கொள்ளுப்பாட்டியும்

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்து நண்பர், "நம்ம பக்கத்துச் சரித்திரமா இருக்கட்டும் சார், ஆனா பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணாடத்துக்காரன் கையில் பேனா கொடுத்தால் பிரளயகாலேஸ்வரர் கோயில், கலிக்கம்ப நாயனார், மெய்கண்டார் என்று தொடங்கிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இந்த முறை விருத்தாசலத்தில் பஸ் மாறி, நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டன் வரை போய் வருவோம்.

நம்ம பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்பதுதான். அப்பா பேரைச் சொன்னால் தாத்தா பேரைக் கேட்பார்கள். தாத்தா பேரும் தெரிந்துவிட்டால் ஆளே தெரிந்த மாதிரி. மெய்கண்டாரைப் பற்றி நமக்குச் சின்ன வயசில் சொல்லித் தந்ததும் அப்படித்தானே! பெண்ணாடத்து அச்சுத களப்பாளருக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. தேவாரச் சுவடியில் கயிறு சாற்றிப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்கே போய் வேண்டிப் பிள்ளை பெற்று சுவேதவனப் பெருமாள் என்று பேர் வைத்தார். சிவஞானபோதம் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியுமோ தெரியாதோ, தகப்பனார் பேர் தெரியும்.

இதே "யாரு வூட்டுப் புள்ள" கேள்வியை வெள்ளைக்காரர்கள் புத்தகம் போட்டு எழுதி வைத்தார்கள். அந்தப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு போனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதுதான் இக்கட்டுரை.

2022 அக்டோபரில் ரிஷி சுனக் அவர்கள் பிரிட்டிஷ் பிரதமரானபோது, நம் பத்திரிகைகள் எல்லாம் "முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர்" என்று கொட்டை எழுத்தில் போட்டன. அவர் அளவுக்குத் தெளிவான இந்திய வம்சாவளி வேறு எந்தப் பிரதமருக்கும் இல்லைதான். ஆனால் அதற்கு 210 வருஷம் முன்னால், 1812 ஜூனில் பிரதமராகி 1827 வரை அந்தப் பதவியில் இருந்த லிவர்பூல் பிரபுவின் தாய்வழியை மேலே ஏறிப் பார்த்தால், நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வந்து நிற்கும். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற 1815-ல் பிரதமராக இருந்தவர் இவர்தான்.

எப்படி ஏறுவது என்று பார்ப்போம்.

லிவர்பூல் பிரபுவின் சொந்தப் பெயர் ராபர்ட் ஜென்கின்சன். பிறந்தது 1770 ஜூன் 7. ஞானஸ்நானம் பெற்றது அதே ஜூன் 29, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் மார்கரெட் கோயிலில். (மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பதிவேடுகளில் பெரும்பாலும் இருப்பது ஞானஸ்நான நாள். பிறந்த நாள் அல்ல.) தகப்பனார் சார்லஸ் ஜென்கின்சன், தாயார் அமீலியா வாட்ஸ். அந்தத் தாய் பிள்ளை பெற்ற ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார், வயது 19தான். மகனுக்கு அம்மா முகமே தெரியாது.

அமீலியாவின் பெற்றோர் வில்லியம் வாட்ஸ், பிரான்சிஸ். இவர்கள் 1749-ல் கல்கத்தாவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வாட்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் காசிம்பஜார் பண்டகசாலைத் தலைவர். 1757-ல் பிளாசிப் போருக்கு முன் நடந்த சதி வேலையில் முக்கியப் பங்கு இவருடையது. சம்பாதித்த பணத்தில் இங்கிலாந்து போய் 1760-ல் பெரிய மாளிகை கட்டி, 1764-ல் காலமானார்.

அடுத்த படி பிரான்சிஸ். இந்தப் பாட்டியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1725 ஏப்ரல் 10-ஆம் தேதி கடலூர் புனித டேவிட் கோட்டையில் பிறந்தவர். கோட்டை இருந்த இடம் தேவனாம்பட்டினம், கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கம். சென்னையில் எலிஹூ யேல் கவர்னராக இருந்தபோது, 1690-ல், செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை உள்ள கிராமங்களும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது பேரம். இருக்கிற பீரங்கியிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து, நாலு திக்கும் சுட்டு, எல்லை வகுத்துக்கொண்டார்கள்! "குண்டு கிராமங்கள்" என்று அவற்றுக்குப் பேரே வந்துவிட்டது. இப்படி ஒரு நில அளவை சர்வே படித்த நம் நண்பர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரான்சிஸின் தகப்பனார் எட்வர்டு குரோக், அந்தக் கோட்டையின் தலைமைப் பொறுப்பை வகித்த கம்பெனி அதிகாரி. பெண்ணுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம். முதல் கணவர் டெம்ப்ளர் இறந்தார். இரண்டாவது கணவர் ஆல்தம், கல்யாணமாகி 12 நாளில் பெரியம்மையில் போனார். மூன்றாவதுதான் வாட்ஸ். 1756-ல் சிராஜ் உத் தௌலா காசிம்பஜாரைப் பிடித்தபோது வாட்ஸ் கைதியானார். பிரான்சிஸையும் குழந்தைகளையும் முர்ஷிதாபாத் அரண்மனைப் பெண்கள் தங்கள் பாதுகாப்பில் வைத்திருந்து, பிறகு படகேற்றி பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநாகூருக்குப் பத்திரமாக அனுப்பினார்கள். அந்த அரண்மனை நாட்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் கதை சொன்னதால் "பேகம்" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வாட்ஸ் இறந்தபின் இங்கிலாந்தில் இருப்புக் கொள்ளவில்லை. 1769-ல் கல்கத்தா திரும்பிவிட்டார். அடுத்த வருஷமே மகள் அமீலியா இறந்தார். 1774-ல் பாதிரியார் வில்லியம் ஜான்சனை நான்காவதாக மணந்து "பேகம் ஜான்சன்" ஆனார். ஜான்சன் 1788-ல் சீமைக்குப் போனபோது, இந்த அம்மா "நான் வரலை, நீங்க போங்க" என்று கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியிடம், செயின்ட் ஜான்ஸ் கோயில் வளாகத்தில் தனக்குக் கல்லறைக்கு இடம் தர வேண்டும் என்று முன்கூட்டியே வாக்கு வாங்கி வைத்திருந்தார். 1812 பிப்ரவரி 3-ல் இறந்து அங்கேயே அடக்கமானார். பேரன் பிரதமரானது அதற்கு நாலு மாசம் கழித்து.

இதுவரை வழி தெளிவு. லண்டன் பங்குப் பதிவேடு, கல்கத்தா கல்யாணம், கடலூர்க் கோட்டை என்று ஒன்றைப் பிடித்து ஒன்று மேலே போகிறது. இன்னும் ஒரு படி ஏறி, எட்வர்டு குரோக்கின் மனைவி, அதாவது பேகம் ஜான்சனின் தாயார் யார் என்று கேட்டால் இசபெல்லா பெய்சோர் என்ற பேர் கிடைக்கிறது. இந்த நாட்டில் குடியேறிய போர்த்துக்கீசியர் வழியில் வந்தவர் என்ற விவரமும் கிடைக்கிறது. அதற்கு மேல்தான் இருட்டு. அந்தக் காலத்தில் சாந்தோம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் என்று கரையோரம் வாழ்ந்த போர்த்துக்கீசியக் குடும்பங்களில் உள்ளூர்ப் பெண்களை மணப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. ஆகவேதான் வரலாற்றாசிரியர்கள், லிவர்பூல் பிரபுவுக்குப் பதினாறில் ஒரு பங்கு இந்திய ரத்தம் "இருந்திருக்கலாம்" என்று எழுதுகிறார்கள். கணக்கு எளிது: கொள்ளுப்பாட்டி ஒருவரின் பங்கு எட்டில் ஒன்று. அந்த அம்மாவே பாதி இந்தியர் என்றால் பதினாறில் ஒன்று. அந்தப் "பாதி"யை நிரூபிக்க வேண்டுமானால் இசபெல்லாவின் அம்மா பேர் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? பதிவேடுகளின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் போட்ட உத்தரவுதான் தொடக்கம். ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுத வேண்டும். ஜனங்கள் முதலில் இது வரி போடத்தான் என்று பயந்தார்கள். (நம் ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவரை ரேஷன் கார்டில் பேர் வெட்டத்தான் வந்திருக்கிறார் என்று சிலர் பயப்படுவதில்லையா!) 1598 முதல் நல்ல தோலில் எழுதவும் வருஷாவருஷம் நகல் எடுத்து ஆயருக்கு அனுப்பவும் சொன்னார்கள். ஒரு புத்தகம் கரையான் அரித்தாலும் நகல் மிஞ்சும். நமக்கு இன்று கிடைப்பவற்றில் பல இப்படி மிஞ்சியவைதான்.

ஆனால் எதை எழுதுவது என்பது நெடுங்காலம் எழுதுகிற பாதிரியாரின் கைப்போக்கு. ஒருவர் பெற்றோர் இருவர் பேரையும் எழுதுவார். இன்னொருவர் "ஜானின் மகன் வில்லியம்" என்று முடித்துவிடுவார். பெற்றவள் பேர் காணாது. அச்சடித்த படிவமும், அதில் குழந்தை பேர், பெற்றோர் பேர், ஊர், தகப்பன் தொழில் என்று தனித்தனிக் கட்டங்களும் வந்தது 1813 ஜனவரி 1 முதல். அந்தச் சட்டம் நிறைவேறியது 1812 ஜூலையில். அப்போது பிரதமர் யார்? நம் கடலூர்க் கொள்ளுப்பாட்டியின் கொள்ளுப்பேரன்தான்! தன் பரம்பரைக்கு மட்டும் அந்தக் கட்டங்கள் காலம் கடந்து வந்தன.

கம்பெனிக்காரர்கள் இந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டு வந்தார்கள். சென்னைக் கோட்டையில் செயின்ட் மேரி கோயில் 1680-ல் திறக்கப்பட்டது. பதிவேடும் அப்போதிலிருந்து இருக்கிறது. அங்கே முதலில் நடந்த கல்யாணம் எலிஹூ யேலுடையது. ராபர்ட் கிளைவ் கல்யாணமும் 1753-ல் அங்கேதான். சென்னை ராஜதானிப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனில் சேர்ந்திருக்கின்றன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1687-ல் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஊக்கம் கொடுங்கள். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று தாய்க்கு ஒரு பகோடா கொடுங்கள் என்று. பகோடா என்றால் டீக்கடைப் பகோடா அல்ல, வராகன் என்கிற தங்க நாணயம். ஆக, அன்றைக்கு அந்தத் தாய் மறைக்க வேண்டியவள் அல்ல, சன்மானம் பெற்றவள். நூறு வருஷம் கழித்து எல்லாம் தலைகீழானது. 1791-ல் அதே கம்பெனி, தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவப் பதவிகளுக்கு வர முடியாது என்று உத்தரவு போட்டது. ஒரு பாட்டியின் பேர் பேரனின் வேலையைப் பறிக்கும் என்றால் எந்தக் குடும்பம் அந்தப் பேரைச் சொல்லும்? போர்த்துக்கீசியர் என்று சொல்லிக்கொள்வது சௌகரியமானது. பேசாமல் இருப்பது அதைவிட சௌகரியம். இந்த உத்தரவு வந்து 21 வருஷத்தில்தான் லிவர்பூல் பிரதமரானார். கம்பெனியில் ஒரு கீழ்நிலை அதிகாரி வேலைக்குக்கூட ஆகாது என்று சொல்லப்பட்ட வகை ரத்தம், ஒருவேளை, அந்த தேசத்தையே பதினைந்து வருஷம் ஆண்டிருக்கிறது.

நம்மில் பலர் பீங்கான் படித்தவர்கள். கோப்பையைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. முத்திரை எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும். மண் எந்த ஊர் மண் என்று சொல்லாது. பதிவேட்டில் தகப்பன் பேர் இருந்து தாய் பேர் இல்லாததும் அப்படித்தான்.

இசபெல்லா கதை ஒன்றுதானா என்றால் இல்லை. பேகம் ஜான்சன் கல்லறை இருக்கும் அதே வளாகத்தில் கல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையும் இருக்கிறது. அவர் வாழ்ந்தது ஓர் இந்தியப் பெண்ணோடு. அவர்களின் மூன்று பெண்கள் மேரி, எலிசபெத், காத்தரீன். 1689 ஆகஸ்ட் 19-ல் நம் சென்னை செயின்ட் மேரி கோயிலில் மூவருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்தது. தகப்பனார் பேர் உலகத்துக்கே தெரியும். தாயார் பேரென்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. அந்தக் கல்லறையில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. சார்னாக் இறந்தது 1692 ஜனவரி 10 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. நம் கணக்குப்படி அது 1693. இங்கிலாந்தில் 1752 வரை புது வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும்; ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருஷத்தில் சேர்த்தி. இது தெரியாமல் பழைய பதிவேட்டைப் படித்தால், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் குடும்பத்தின் மேல் பழி விழும்! இன்னொன்று, அந்தக் கல்லறைக் கல் நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கு "சார்னோக்கைட்" என்றே பேர் வைத்தார். கல்லின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தெற்கே பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பேர் குளோரிந்தா. ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்த தஞ்சை மராட்டியப் பிராமண விதவை. 1778-ல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். திருநெல்வேலித் திருச்சபை வரலாறே இந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறது.

இங்கிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் நிலை இன்னும் பரிதாபம். சென்னையில் பிறந்த ஜூலியன் என்ற பையன், சுமார் 16 வயது; ஒரு கப்பல் தலைவர் லண்டனுக்குக் கொண்டுபோய் ஒரு சீமாட்டிக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆம், பரிசாக. பணத்தைத் திருடி வீட்டுக்குத் தீ வைத்தான் என்று 1724-ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். சிறையில் ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். இந்தியத் தாய்தகப்பனுக்குப் பிறந்தவன் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டு எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் முன்னாள் மாணவர்களில் ஆங்கிலோ இந்திய நண்பர்கள் உண்டு; வெளிநாட்டில் குடியேறியவர்களும் உண்டு. ஒரு முனையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். இங்கிலாந்துப் பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன; கம்பெனிப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில். 1998-ல் தொடங்கிய, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று பேர்ப் பட்டியல்களை இலவசமாகவே தருகிறது. ஒரு ஞானஸ்நானம் கிடைத்தால் உடனே அந்தப் பெற்றோரின் கல்யாணத்தைத் தேட வேண்டும். பிறகு அவர்கள் இருவரின் ஞானஸ்நானம். பேர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆள் ஒன்றாகிவிடாது, ஊரும் தொழிலும் ஒத்துவர வேண்டும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேர்களை விட்டுவிடக் கூடாது. பல சமயம் அவர்கள் தாய்வழி உறவாக இருப்பார்கள். உயில்களையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பேர் எழுத வெட்கப்பட்டவர்கள், சாகும்போது அந்தப் பெண்ணுக்குப் பணம் எழுதி வைத்திருப்பார்கள்.

வெள்ளைக்காரனைச் சொல்கிறோமே, நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். இன்னார் குமாரர் இன்னார் என்று நாலு தலைமுறை ஆண்கள் வரிசையாக இருப்பார்கள். பெண்கள் பேர் வேண்டுமானால், தாய்வழிச் சொத்து, சீதன நிலம் என்று எழுதிய பத்திரத்தைத்தான் தேட வேண்டும். பாட்டியின் அம்மா பேர் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒருவரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலத்தால் எல்லோருக்கும் முந்தியவர் அவர்தான். 1614-ல் கேப்டன் பெஸ்ட் என்பவரின் கப்பலில் வங்கக் கடற்கரையிலிருந்து ஒரு பையன் லண்டன் போனான். நம் வெள்ளாறும் கெடிலமும் கலக்கிற அதே கடல். கப்பல் ஏறியது மசூலிப்பட்டினப் பக்கம் என்கிறார்கள். கப்பல் பாதிரியார் பாட்ரிக் கோப்லண்ட் அவனுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் ஆங்கிலம் வந்துவிட்டது. கம்பெனியே படிப்புச் செலவை ஏற்றது. 1616 டிசம்பர் 22-ல், லண்டன் பென்சர்ச் தெருப் பக்கம் செயின்ட் டயோனிஸ் கோயிலில், நகரப் பிரமுகர்களும் கம்பெனிக்காரர்களும் கூடியிருக்க ஞானஸ்நானம் நடந்தது. பீட்டர் என்ற பேரைத் தேர்ந்தெடுத்தவர் மன்னர் முதலாம் ஜேம்ஸ். 1617-ல் பாதிரியாரோடு கிழக்கே திரும்பிவிட்டான். 1620-ல் அவன் லத்தீனில் எழுதிய கடிதங்கள் 1622-ல் அச்சாகியிருக்கின்றன. படித்த பையன், தன் பெற்றோர் யார், ஊர் எது என்று கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான், எழுதியும் கொடுத்திருப்பான்.

அந்தக் கோயில் 1666 பெருந்தீயில் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள், 1878-ல் இடித்தே விட்டார்கள். பதிவேடு தப்பித்தது. கோயிலை இடித்த அதே 1878-ல் அதை அச்சுப் புத்தகமாகவும் போட்டார்கள். 1538 முதல் வரிசையாக இன்னார் மகன், இன்னார் மகள் என்று போகிற பக்கங்களின் நடுவே, 1616 டிசம்பரில், கிழக்கிந்தியன் ஒருவனுக்குப் பீட்டர் என்ற பேரில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று ஒரு வரி இருக்கிறது. தாய், தகப்பன் பேர் அதில் இல்லை. அவர்கள் வைத்த பேரும் இல்லை.